கிராணி ஆபீஸ் வாசலில் ஒரு கேஸ்

பெருந்தொற்றுக் காலம். சிரம்பானிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"அரசாங்கம் அந்த லோயர் ஆபீசுக்குக் காசு குடுக்காமலே இருந்திருக்கலாம்," என்றார் மூத்தவர்.

"ஏன்க்கா, நம்மள மாதிரி ஆளுக்கு ஓசியில கேஸ் பாக்குறாங்க. காசு இல்லன்னா மூடிருப்பாங்க லா."

"மூடல. அந்தக் காசுல கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்க. இன்னிக்கு நேர்ல போனேன், வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. போன மாசம் மாதிரி வீடியோவுலயே பேசணுமாம்."

"நல்லதுதான?"

"நம்ம தோட்டத்துல போன் லைன் எங்க கெடைக்கும்?"

இளையவர் கொஞ்சம் யோசித்தார். "கணக்கெழுதுற கிராணி ஆபீஸ் வாசல்ல."

"போன மாசம் அங்கதான் நின்னு பேசுனேன். லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லி மேனேஜர் நோட்டீஸ் குடுத்தது, ஆள் விட்டு மெரட்டுனது, எனக்கு யார் யார் சாட்சி சொல்ல வர்றாங்க, எல்லாத்தயும்."

"கிராணி உள்ள இருந்தாரா?"

"இருந்தாரு. வெயில்ல நிக்கிறேன்னு நாற்காலி கொண்டாந்து போட்டாரு. மாஸ்க்கோட பேசுனா லோயருக்குக் கேக்காது, சத்தமா பேசுங்கன்னாரு."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. ரப்பர் மரங்கள் தொடங்கின.

"மறுபடியும் எப்பக்கா பேசணும்?"

"வெள்ளிக்கிழம. போன் பண்ணிக் கேட்டேன், காலையிலயே பேசச் சொல்லிருக்காரு."

"லோயரா?"

"கிராணி. அப்பதான் மேனேஜர் ஆபீஸ்ல இருப்பாராம். இவரு போயி அவருகிட்ட ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்ல வேண்டியதில்லையாம்."