எதிர்க்கடைச் சகலை

— அப்ப அது யாரு வண்டிங்குற? கண்ணாடியத் தொடச்சி மாட்டிகிட்டு நல்லா பாரு, பூங்காவனம். பெரியசாமி வண்டிதானே?

— ஆமா, அவரு வண்டிதான். அதுக்கு என்ன இப்ப? சோறு ஆறுதுங்க. மோர்க்கொழம்பு ஊத்தட்டுமா?

— அவன் பட்டறை போட்ட நாள்லேர்ந்து நம்ம இரும்புக்கடை வாசல்ல நின்ன வண்டிடீ அது. கம்பி, பைப்பு, வெல்டிங் ராடு, எது வேணும்னாலும் மொதல்ல இங்கதான் வருவான். இப்ப ரோட்டுக்கு அந்தாண்ட நிக்குது. ஒந்தங்கச்சி புருசன் கோகுலு கடைல.

— எந்தங்கச்சி புருசன்னா ஒங்களுக்குச் சகலை இல்லையா?

— சகலையாம் சகலை! இந்த அரியலூர்ல கடை போட அவனுக்கு வேற எடமே கெடைக்கல. எங்கண்ணுக்கு எதுத்தாப்புலயே வந்து ஒக்காந்தான். வெலையும் எங்கடை வெலதான். அப்பறம் எதுக்கு எல்லாரும் அங்க ஓடுறானுங்க? என்னமோ குடுத்து இழுக்குறான்.

— எந்தங்கச்சி ஜானகி டீதான் குடுக்குறா. நானும்தான் குடுக்குறேன்.

— கிண்டலா? எனக்குத் தெரியாதா? கல்லங்குறிச்சித் தேருக்கு ஒங்கப்பா எவன் வண்டில ஏறிப் போனாரு? மூத்த மாப்பிள்ள நான் வாசல்ல வண்டியோட நிக்கிறேன். அவரு பாட்டுக்குக் கோகுலு வேன்ல போயி முன்சீட்டுல ஒக்காந்துகிட்டாரு.

— ஏங்க, நீங்க கொண்டாந்தது மொபெட்டு. அவருக்கு முட்டி வலி.

— வலிக்கு நல்லா எடம் பாத்துதான் ஒக்காந்தாரு. அத வுடு.

— நான் எப்பவோ வுட்டாச்சு. நீங்கதான் வுடல. அந்தா, பெரியசாமியே ரோட்டத் தாண்டி வர்றாரு. நேராவே கேட்டுக்கங்க.

— நான் ஏன்டீ கேக்கணும்? எனக்கென்ன வந்துச்சு? …யாரு, பெரியசாமியா? வா வா. இந்தப் பக்கம் வழி தெரிஞ்சிச்சா? எதிர்க்கடைல எதாவது தீந்துபோச்சா?

— அண்ணே கோவமா இருக்காரு. அக்கா, நல்லாருக்கீங்களா?

— இருக்கேன் தம்பி. ஒங்கண்ணன்தான் சோத்துல கைய வச்சிகிட்டு ஒங்க வண்டியவே பாத்துகிட்டு ஒக்காந்திருக்காரு.

— நீ செத்த சும்மா இரு. சொல்லு பெரியசாமி. எங்கடைச் சரக்குல துரு கிரு இருந்துச்சா? எடைல கொறை வச்சனா?

— ஐயையோ, சரக்குல என்னண்ணே கொறை. கதை என்னன்னா, பில்லுதான். ஒங்ககிட்ட டின் நம்பர் போட்ட வரி பில்லு கெடைக்காதே.

— வரியே போடாம குடுக்குறேன்டா நான்! அது ஒனக்கு லாபம் இல்லையா?

— அப்படித்தான் நானும் நெனச்சேன். நீங்க கம்பெனிலேர்ந்து சரக்கு எடுக்குறப்ப வரி கட்டிதானே எடுக்குறீங்க?

— கட்டாம எவன் குடுப்பான்?

— அந்த வரிய என்ன பண்றீங்க?

— என்ன பண்றது, வெலைல ஏத்தி விக்கிறேன். நான் என்ன தர்மத்துக்கா கடை வச்சிருக்கேன்?

— ஆங், அதத்தான் சொல்றேன். அப்ப அந்த வரி எந்தலைல விழுந்துருச்சு. ஆனா பில்லுல இருக்காது, அதனால நான் அதக் காட்ட முடியாது. கோகுலு அதே வரியத் தனியா எழுதிக் குடுக்குறாரு. நான் இரும்பு கேட்டு, சன்னல் கிரில்லு செஞ்சு ரெட்டிபாளையம் பக்கம் விக்கிறேன்ல, அங்க நானும் வரி போட்டுத்தான் காசு வாங்குறேன். அத அப்படியே கொண்டுபோயி ஆபீஸ்ல கட்டணும்னு இல்ல. கம்பி வாங்குறப்ப நான் கட்டுனதக் கழிச்சிகிட்டு மிச்சத்தக் கட்டுனாப் போதும். இந்த வாட்டு வரிங்குறது அவ்ளோதாண்ணே. கோகுலும் அதேமாதிரிதான். எங்கிட்ட வாங்குன வரில, அவரு கம்பெனிக்குக் கட்டுனதக் கழிச்சிக்குவாரு.

— இரு இரு. அவனும் கழிக்கிறான், நீயும் கழிக்கிற. அப்ப யாருதான்டா வரி கட்டுறா?

— அந்தக் கேட்ட வாங்கித் தன் வூட்டுல மாட்டுறான் பாருங்க, அவன். அவன் யாருக்கும் விக்கப் போறதில்ல, எதுல கழிப்பான்? நடுவுல இருக்குற நாங்க எல்லாம் கை மாத்தி வுடுறதுதான், மொத்தச் சொமையும் கடைசி ஆளுக்கு. நான் ஒங்ககிட்ட வாங்குனேன்னா நானே அந்தக் கடைசி ஆளா ஆயிடுறேன். என் கூலி அதுலயே போயிருது.

— எனக்குத் தெரியாதா இதெல்லாம்…

— அப்பறம் ஏண்ணே அந்த அரை பர்சன்ட்டுக்குப் போனீங்க? ஜனவரில வாட்டு வந்தப்ப வியாபாரிங்க சங்கத்துல கூட்டம் போட்டு வெளக்கமா சொன்னாங்களே. மொத்த வியாபாரத்துல அரை பர்சன்ட் கட்டிட்டு ஒதுங்கிக்கலாம், ஆனா வரி பில்லு போடக் கூடாதுன்னு. வூட்டுக்கு ஆணி வாங்குறவங்க மட்டும் வர்ற கடைக்குத்தான் அது சரிப்படும். ஒங்களுக்கு முக்காவாசி எங்க மாதிரி பட்டறைக்காரங்கதானே?

— நான் சொல்றேன் தம்பி. கூட்டத்துல வாட்டுக்கு யாரு யாருன்னு கேட்டப்ப இவரும்தான் கையத் தூக்கிருக்காரு. முன்வரிசைல ஜானகி வூட்டுக்காரரு கை தூக்குனாரு பாருங்க, ஒடனே இவரு எறக்கிட்டாரு.

— பூங்காவனம்!

— பொய்யா? அவன் போற வழில நான் போவ மாட்டேன்னு வூட்டுக்கு வந்து குதிச்சீங்களா இல்லையா?

— சரிக்கா, நான் வர்றேன், பட்டறைல ஆளு காத்துகிட்டு இருக்கு. அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. வாட்டுக்கு மாறிக்கங்க, மொத ஆளா நான் வந்து நிப்பேன்.

— பாத்துப் போ, பாத்துப் போ.

— என்னங்க, போறவருக்கு ஒரு வாய் மோரு குடுன்னுகூடச் சொல்லல. மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. கோகுலு திருடுறான்னுல்ல நான் நெனச்சேன். என்னமோ கோல்மால் பண்ணித்தான் ஆள இழுக்குறான்னு நெனச்சேன்.

— இப்ப தெரிஞ்சிகிட்டீங்கல்ல, வுடுங்க. …ஏங்க, அங்க பாருங்க. கோகுலு கடைல ஒரு ஜீப்பு வந்து நிக்குது. சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ் ஜீப்பு மாதிரில்ல இருக்கு?

— இன்னிக்கேவா வந்துட்டாங்க?

— இன்னிக்கேவான்னா? என்ன அர்த்தம் அதுக்கு? இங்க, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— நேத்து டீக்கடைல அந்த டாக்ஸ் ஆபீசரு நின்னுகிட்டு இருந்தாரு. பேச்சுவாக்குல சொன்னேன்.

— என்ன சொன்னீங்க?

— எதிர்க்கடை குடோன்ல பில்லு இல்லாத சரக்கு கெடக்கும், போயிப் பாருங்கன்னு.

— அடப்பாவி மனுசா! கூடப்பொறந்தவ வூட்டுக் குடும்பங்க அது!

— எரிஞ்சுதுடீ! தெனம் இங்க ஒக்காந்து அவன் கடைக் கூட்டத்தப் பாக்குறது யாரு, நீயா? வயிறு எரிஞ்சுது, சொல்லிட்டேன். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? அவன்தான் எல்லாத்துக்கும் பில்லு வச்சிருக்கானே, எடுத்துக் காட்டிட்டுப் போறான்.

— காட்ட முடியாதுங்க.

— ஏன்?

— பில்லு இல்லாத சரக்கு அங்க இருக்கு.

— பாத்தியா! நான் சொன்னேன்ல! எனக்குத் தெரியாதா அவன? எவன்கிட்ட வாங்குனான்?

— நம்மகிட்ட.

— என்னது?

— போன மாசம் நீங்க திருச்சி போயிட்டு வர்றதுக்குள்ள, விக்காம கெடந்த பைப்பும் வெல்டிங் ராடும் மொத்தமா போச்சுல்ல? தா.பழூர்க்காரரு யாரோ வந்து அள்ளிகிட்டுப் போனாருன்னு சொன்னேன், நீங்களும் நம்பிட்டீங்க. கடைக் கடனுக்குத் தவணை கட்டலன்னு பேங்குக்காரங்க நேரா வூட்டுக்கே வந்துட்டாங்க. நான் போயி ஜானகிகிட்ட அழுதேன். அவ வூட்டுக்காரரு ஒரு வார்த்த கேக்கல, நம்ம வெலைக்கே எடுத்துகிட்டாரு. பில்லு போட்டா ஒங்க கண்ணுல படும்னு நான்தான் வேணாம்னேன்.

— அதுல அவனுக்கு என்ன லாபம்?

— லாபமா? பெரியசாமி இப்பதானே சொல்லிட்டுப் போறாரு. நம்ம சரக்குல அவருக்குக் கழிக்க ஒரு பைசா கெடையாது. அதுல இருக்குற வரி முழுக்க அவரு கைய வுட்டுப் போற காசு. தெரிஞ்சேதான் வாங்குனாரு.

— எங்கிட்ட ஏன்டீ சொல்லல?

— சொன்னா குடுக்க வுட்டிருப்பீங்களா?

— …ஃபோன் அடிக்குது. நீயே எடு.

— ஹலோ… சொல்லு ஜானகி. பாத்துகிட்டுதான் இருக்கோம். என்ன கேக்குறாங்க? …ம். …ம். அப்படியா சொன்னாரு? அழுவாத புள்ள. இரு, நான் மாமாகிட்ட சொல்றேன்.

— என்னவாம்?

— எங்க வாங்குனதுன்னு திருப்பித் திருப்பிக் கேக்குறாங்களாம். அவரு வாயத் தொறக்கலையாம். தப்பு என்னுது, அபராதம் எவ்வளவுன்னாலும் நானே கட்டிடுறேன்னு ஆபீசர்கிட்ட சொல்லிட்டாராம். அண்ணன் கடைய வுட்டு எறங்க வேணாம், அவரு பேரு எதுலயும் வராம நான் பாத்துக்கிறேன்னு ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாராம்.

— அப்படியேவா சொன்னான்?

— அப்படியேதான். போட்டுக் குடுத்தது நீங்கன்னுகூட அவருக்குத் தெரியாது. …ஏங்க, சோத்துலயே கையக் கழுவிட்டு எங்க கெளம்புறீங்க?

— எதிர்க்கடைக்கு. அது எஞ்சரக்கு, பில்லு இல்லாம வித்தது எங்கடைன்னு சொல்லப் போறேன்.

— நம்மளால அபராதம் கட்ட முடியுங்களா? அவருதான் தானே பாத்துக்கிறேங்குறாருல்ல? பேசாம ஒக்காருங்க.

— அதத்தான்டீ என்னால தாங்க முடியல. வியாபாரம் அவன்கிட்ட போச்சு, மாமனாரும் அவன் பக்கம் போயிட்டாரு. நல்லவன்ங்குற பேரையும் அவனே எடுத்துகிட்டுப் போக, நான் இங்க ஒக்காந்து பாத்துகிட்டு இருக்கணுமா? தள்ளு!