வடக்கு மூலைக் கோணல்

எங்கள் பக்கம் டிராக்டரே அபூர்வமாயிருந்த காலம். விருதுநகரில் மல்லாங்கிணறு பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒருவர் சட்டிக்கலப்பையின் வட்டத் தகட்டை மடியில் வைத்திருந்தார். அதன் கிரீஸ் என் வேட்டியில் பட்டுவிடுமே என்பதுதான் என் கவலை. அவருக்கு அப்பால் அவருடைய மச்சான்.

"இது ரெண்டாவது புதுச் சட்டி, மச்சான். கல்லுல மோதுன நாள்ல இருந்து கலப்பை கோணலாத்தான் போகுது."

"பேரிங் பாத்தீகளா?"

"மாத்தியாச்சு. வளைஞ்ச தண்டையும் நிமித்தியாச்சு. ஒண்ணும் கேக்கல."

"புஞ்சை பூராவும் கோணுதா?"

"இல்ல. வடக்கு மூலைக்குப் போனா மட்டும் வெலகிருது. மத்த எடத்துல நூல் பிடிச்சாப்புல போகுது."

"அங்கன இன்னும் கல்லு கெடக்கோ?"

"அந்த ஒரு கல்லுதான். அதான் பேந்து போச்சே."

"எந்தக் கல்லு மாப்ள?"



"எங்க சின்னமகனைப் பொதைச்ச எடத்துல நட்டு வச்ச கல்லு. புல்லு மூடிக் கெடந்துச்சு."

மச்சான் அந்தச் சட்டியை மெதுவாகத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.

"டிராக்டரை யாரு மாப்ள ஓட்டுதாக?"

"நாந்தான். கல்லுல மோதுன அன்னைக்கும் நாந்தான்."