கை குற்றமா, கருவி குற்றமா?

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் பன்னீர்செல்வம் அவர்களே, இந்தக் கணினி மையத்துக்கு இடம் தந்த பெரியோர்களே, அணுபுரத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் பேருந்து பிடித்து வந்து, பிள்ளைகளை மடியில் அடக்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே, காபி எப்போது வரும் என்று கதவையே பார்க்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சகுந்தலாவின் வணக்கம்!

எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று பேசச் சொன்னார்கள். மவுஸைப் பற்றி நான் என்ன பேச? ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறேன்.

செங்கல்பட்டில், எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து இருக்கைக்காரர் ஜெபக்குமார். மழைநீர் வடிகாலுக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுபவர். அவர் இழுத்த கோடு நூல் பிடித்தாற்போல் நிற்கும். சைக்கிளிலிருந்து விழுந்ததில், கோடிழுக்கும் அந்தக் கை முறிந்தது. எலும்பு கூடியது, நடுக்கம் போகவில்லை. திரும்பி வந்து மவுஸைப் பிடித்தார். கோடா வந்தது? மாமல்லபுரத்து அலையல்லவா வந்தது! தெருவோரம் போக வேண்டிய வடிகால், யாரோ ஒருவரின் சமையலறைக்குள் நுழைந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறியது.

மழைக்காலமோ நெருங்குகிறது. எங்கள் மேலாளர், அதாவது நம் தலைவர், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஜெபக்குமார் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஓய்வு என்பது நிரந்தர ஓய்வாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு.

விரலால் தொட்டு வரையும் திரை கொண்டுவந்தோம். நடுங்கும் விரல் ஒரு முறை தொட்டால் அது பல முறை என்று எடுத்துக்கொண்டது. ஒரு தெரு ஒரு நகரமாயிற்று! பேசினால் போதும், கேட்டுச் செய்யும் என்றார்கள், மைக் மாட்டினோம். "அந்தக் கோட்ட ஆத்தாண்ட இட்டுனு போ" என்றார் நம்மூர்த் தமிழில். இயந்திரம் எழுதியது: "அந்தக் கோட்டை ஆத்தா ஆண்டது." ஆற்றோரம் ஒரு கோடு கேட்டவருக்குக் கோட்டையைக் கொடுத்து, ராணியையும் அமர்த்திவிட்டது!

சிரியுங்கள், சிரியுங்கள். இரண்டாம் வரிசையில் அவரும் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நாளிதழில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். மனைவி பிரிசில்லா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டிருக்கிறார்:

"இன்னாங்க, பேனா புடிச்சா கை ஆடல. மவுஸ் புடிச்சாதான ஆடுது. பேனாலயே வரையற மாதிரி ஒண்ணும் இல்லியா?"

இருந்தது! பேனாவால் வரையும் மின்பலகை. உள்ளங்கையைப் பலகையில் ஊன்றி, பேனாவைப் பிடித்து இழுத்தார். முதல் கோடு தள்ளாடியது. அடுத்தது தயங்கியது. அதற்கடுத்தது நின்றது, நேராக! நம் தலைவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, தானே போய் அவருக்குத் தேநீர் கொண்டுவந்தார். அளவுகளுக்கு எண் விசைப்பலகை, படத்துக்குப் பேனா என்று பிரித்துக்கொண்டார் ஜெபக்குமார். மழைக்கு முன்பே வடிகால் வெட்டப்பட்டது.

கையா கெட்டிருந்தது? கணக்கா மறந்திருந்தது? அறிவா குறைந்திருந்தது? இல்லை! அந்தக் கைக்கு அந்தக் கருவி பொருந்தவில்லை, அவ்வளவுதான். எத்தனை பேரைக் கருவி கைவிட, நாம் கைகழுவியிருக்கிறோம்!

ஆகவே, இந்த வாசலுக்கு வருபவரிடம் "உனக்குக் கம்ப்யூட்டர் வருமா?" என்று கேட்காதீர்கள். "உன் கைக்கு எது வரும்?" என்று கேளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம்!