மேசைமேல் இருக்கும் இரண்டு டீசல் பம்புகள் குறித்து

வாக்குமூலம் அளிப்பவர்: காவலில் உள்ள லாரி ஓட்டுநரின் மனைவிக்கு உடன்பிறந்த அக்கா. வயது நாற்பத்தெட்டு. தொழில், கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இருப்பிடம், தண்ணீர்த் தொட்டித் தெரு, கடைசி வீடு, மாடி. கேட்டு எழுதியவர் நிலைய எழுத்தர்.

நான் மேற்படி வீட்டின் மாடியில் வசிக்கிறேன். கீழே என் தங்கையும் அவள் கணவரும் இருக்கிறார்கள். தங்கைக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். முறை தவறினால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். அவள் கணவரை இனி ஓட்டுநர் என்று குறிப்பிடுகிறேன். அவருக்குப் பழைய டீசல் லாரி ஒன்று சொந்தமாக உண்டு. எனக்கு எந்த வண்டியும் ஓட்டத் தெரியாது.

மழை தொடங்கிய அன்று, லாரியின் டீசல் டாங்கில் தண்ணீர் இறங்கிவிடக் கூடாது என்று ஓட்டுநர் அதன் மூடிமேல் பாலித்தீன் உறையைப் போர்த்தி, சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டி இறுகச் சுற்றிக் கட்டினார். உறையை வெட்டிக் கொடுத்தது நான். அதன் பிறகு ஏரி உடைந்தது. எங்கள் தெருவும் இந்தக் காவல் நிலையமும் மேட்டில் இருப்பதால் தப்பின. சுற்றிலும் நீர் நின்றது. தங்கைக்கு ஒரு முறை தவறியது. அடுத்த முறைக்குரிய காலையில் அவளால் படுக்க முடியவில்லை. மடியில் தலையணைகளை அடுக்கி அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். சோப்பு போட்டும் விரலிலிருந்து மோதிரம் வரவில்லை. ஆம்புலன்சை அழைத்தேன். அதை ஓட்டுபவர், "அந்தத் தண்ணியில என் வண்டி மிதக்கும்மா, ஓடாது" என்றார். படகுக்காரர்கள் பெரிய சாலையில் இழுப்பு அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். அந்த நீரைத் தாண்டும் உயரம் லாரிக்கு மட்டுமே இருந்தது.

லாரி கிளம்பி, தெருமுனை போவதற்குள் அணைந்தது. ஓட்டுநர் டாங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். பாதிக்கு மேல் டீசல் இருந்தது. மறுபடி மூடிக் கட்டினார். அதன் பிறகு டீசல் ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். வண்டி கிளம்பியது, சிறிது ஓடி மீண்டும் அணைந்தது. ஜன்னலில் இருந்த தங்கை, "எனக்கும் அதுக்கும் ஒரே கேடு. ஃபில்டர் போச்சு. அதுக்காவது மாத்த ஒண்ணு கிடைச்சுது" என்றாள். அவள் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் மெக்கானிக்கை அழைத்தோம். அவரை எல்லோரும் டைமிங் என்பார்கள். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதால் விழுந்த பெயர். அன்று உடனே வந்தார். கைப்பம்பை அடித்துப் பார்த்தார், டீசல் ஏறவில்லை. டாங்கில் டீசல் உண்டா என்று அவரும் திறந்து பார்த்து, முன்போலவே மூடிக் கட்டினார். அதன் பிறகு அடித்தபோது ஏறியது, வண்டி கிளம்பியது, மறுபடியும் நின்றது. "டாங்குலேந்து டீசலை இழுத்துக் குடுக்கிற சின்ன பம்ப்புதான் கோளாறு. சூடானா கை விட்டுடுது. வேற மாட்டுனாத்தான் உண்டு" என்றார். மூவரும் அதை நம்பினோம். உதிரிபாகக் கடைகள் எல்லாம் நீருக்குள் இருந்தன. டைமிங் போகும்போது, "அதே ரக வண்டி ஒண்ணு ஸ்டேஷன் சுவர் ஓரமா நிக்குது. நான் பாக்கல, நான் சொல்லல" என்றார்.

எடுத்துவிடலாம் என்று சொன்னது நான். ஓட்டுநர் தயங்கினார். "போலீஸ் பிடிச்ச வண்டிக்கா அது, கேஸுல இருக்கு" என்றார். "உள்ள போய் அவளைப் பாத்துட்டு வந்து சொல்லு தம்பி" என்றேன். அவர் உள்ளே போகவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் நிலைய வாசலுக்கு வந்து பாரா காவலரிடம் அனுமதி கேட்டேன். எல்லோரும் மீட்புப் பணிக்குப் போயிருக்கிறார்கள் என்றார். "ஐயா வரட்டும் மேடம், என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அதன் பிறகு நான் அங்கிருந்து போகாமல் அவருடைய மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தேன். எந்தப் பாடம் எடுத்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டார். எல்லாப் பாடங்களைப் பற்றியும் சொன்னேன். அந்த நேரத்தில் ஓட்டுநர் சுவர் இடிந்த பக்கமாக உள்ளே போய், அந்த வண்டியின் பம்பைக் கழற்றி, இடம் காலியாக இருக்கக் கூடாது என்று எங்கள் பம்பை அங்கே மாட்டிவிட்டு வந்தார். பாரா காவலருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மகளுக்கு நான் சொன்ன யோசனைகள் பொய்யல்ல.

பம்பை மாட்டி, டாங்கைப் பார்த்து மூடிக் கட்டி, காற்றை எடுத்ததும் வண்டி கிளம்பியது. தங்கையை நாங்கள் இருவரும் தூக்கி, தலையணைகளுடன் கேபினில் உட்கார வைத்தோம். பாலத்துக்கு முந்தைய பள்ளத்தில், சக்கரம் பாதி மூழ்கிய இடத்தில், லாரி அணைந்தது.

ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கையால் அடித்தார். தங்கையின் உதடுகளின் நிறத்தை நான் பார்த்தேன். அவர் பார்த்துவிடாதபடி குறுக்கே நகர்ந்துகொண்டேன். அவர் நீரில் இறங்கி டாங்குக் கட்டை அவிழ்த்தார். நான் குச்சியுடன் படியில் நின்றேன். எஞ்சின் சத்தம் இல்லாததால், மூடி நெகிழ்ந்ததும் டாங்கு உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுப்பது கேட்டது. மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. எங்கள் உறை அதை அடைத்திருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல், எந்தப் பம்பும் இழுக்க முடியாத நிலை. ஒவ்வொரு முறையும் டீசல் இருக்கிறதா என்று திறந்து பார்த்ததில்தான் வண்டி ஓடியது. செய்த மற்ற வேலைகளால் ஓடியதாக நினைத்துக்கொண்டோம். இது நான் வகுப்பில் கற்பிக்கும் பாடம்.

"அப்ப நம்ம பம்ப்பு?" என்றார்.

"நல்லாத்தான் இருந்திருக்கு."

"டைமிங் கிட்ட சொல்லாதீங்கக்கா, தொழிலையே விட்டுடுவான்" என்றார். உறையை நீரில் வீசினோம். கைப்பம்பை அடித்ததும் வண்டி கிளம்பியது. அதன் பிறகு நிற்கவில்லை. மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வருவதற்குள் ஒரு நர்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

ரத்தம் சுத்தம் செய்து முடிந்து திரும்பும் வழியில் ஓட்டுநர், "நம்ம பம்ப் நல்லா இருக்கறப்ப அடுத்தவன் பம்ப் எதுக்குக்கா" என்று சொல்லி, மாலை வெளிச்சம் இருக்கும்போதே நிலைய வாசலில் லாரியை நிறுத்தினார். தங்கை கேபினில் என்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் லாரியிலிருந்து அவர்களுடைய பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போய், அந்த வண்டியிலிருந்து எங்களுடையதையும் கழற்றிய நேரத்தில் ஏட்டு ஐயா மீட்புப் பணியிலிருந்து வந்துவிட்டார்.

"எத்தனை வண்டிடா கழட்டின?"

"திருப்பிக் குடுக்கத்தான்யா வந்தேன்."

"குடுக்க வந்தவன் கையில ஏன்டா ரெண்டு இருக்கு?"

உள்ளே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து, "நீங்க வாயத் திறக்காதீங்கக்கா, வேலை போயிடும்" என்றார். தான் மட்டுமே செய்ததாக அவர் எழுதிக் கொடுத்திருப்பதை அறிகிறேன். அது சரியல்ல. சொன்னது நான், காவலரைப் பேச்சில் நிறுத்தியது நான்.

மேசையில் உள்ள இரண்டு பம்புகளில் எங்களுடையது எது என்று கேட்கப்பட்டது. எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ரகம், ஒரே அளவு அழுக்கு. ஏதோ ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இரண்டும் ஓடும் என்பது மட்டும் தெரியும். லாரி நேற்று மாலையிலிருந்து பம்ப் இல்லாமல் உங்கள் வாசலில் நிற்கிறது. நீர் வடியவில்லை. நாளைக் காலை தங்கையின் அடுத்த முறை. இரண்டில் ஏதாவது ஒன்றையும், அதை மாட்டி ஓட்டத் தெரிந்தவரையும் நாளை ஒரு பொழுதுக்கு விட வேண்டும்; அவர் திரும்பி வரும்வரை அவர் இருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். வாக்குமூலத்தில் கோரிக்கை எழுதும் வழக்கம் இல்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எவருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் சொன்னேன், எல்லாம் நடந்தவை.

(ஒப்பம்)
ஓட்டுநரின் மனைவிக்கு அக்கா