நேராகத் தேய்ந்த பிக்

— அப்படிப் பாத்தாத் தெரியாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாரு.

— பாத்தாச்சு. கிட்டார் கம்பியத் தட்டுற பிக். மூணு மூலை பிளாஸ்டிக் துண்டு. ராத்திரி முழுக்க கோடவுன்ல மூட்டை அடுக்கிட்டு வந்து, செருப்பக்கூடக் கழட்டாம இதைக் காட்டணுமா?

— நுனியப் பாரு. நான் பிக்கைச் சாய்ச்சுப் பிடிக்கிறவன். என் கையில இருந்தா ஒரு பக்கம்தான் தேயும். இது நட்ட நடுவுல, நேராத் தேஞ்சிருக்கு. என் பேஸ் கிட்டாரை யாரு எடுத்தா?

— அடேயப்பா. பிக்குக்குப் பிரேதப் பரிசோதனையா? மெதுவாப் பேசுங்க, பாப்பா இப்பத்தான் தூங்குனா.

— சிரிக்காத. நேத்து கிளம்புறப்ப கிட்டார் பெட்டியத் திறந்தேன். கம்பி வந்து முடியுற இடத்துல மஞ்சளாப் பொடி. ஸ்பாஞ்ச் பொடி.

— எலி கொண்டுவந்து போட்டிருக்கும்.

— சிங்க்ல பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் பாதிதான் கிடக்கு. எலி கத்தரிக்கோல் வச்சு நேரா வெட்டுச்சா?

— நம்ம வீட்டு எலி கொஞ்சம் ஒழுங்கானது.

— ஸ்பாஞ்சைக் கம்பிக்கு அடியில எதுக்குச் சொருகுவாங்க தெரியுமா? சத்தம் நீளக் கூடாதுன்னு. தட்டுனதும் செத்துடணும். எவனோ இங்க உக்காந்து, வெளிய கேக்காம வாசிச்சிருக்கான். மொட்டை வந்தானா?

— யாரு?

— எத்தனை மொட்டையத் தெரியும் உனக்கு? எங்க பேண்டு டிரம்மர்தான். வந்தானா இல்லையா?

— வந்தாரு. செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஏதோ ஆம்ப்ளிஃபயர் ஒயர் உங்ககிட்ட இருக்குன்னு வாங்கிட்டுப் போனாரு.

— அந்த நேரத்துக்கு நான் வேலைக்குப் போயிடுவேன்னு அவனுக்குத் தெரியும். நீ ஏன் சொல்லல?

— இப்படி மூஞ்சிய வச்சுக்குவீங்கன்னுதான்.

— கூட யாரு வந்தா?

— யாரும் வரல. வாசல்லயே நின்னு பேசிட்டுப் போனாரு.

— பேசுனானா? ஒயர் வாங்க என்ன பேச்சு?

— நீங்க கேக்குற கேள்விக்கு அவரு தேவலை.

— நானே சொல்றேன் கேளு. கொஞ்ச நாளா என்னைக் குடைஞ்சு எடுக்குறான். நான் ஒரு கம்பியத் தட்டுனா நாலும் சேந்து பேசுதாம். கொழகொழன்னு இருக்காம். உள்ளங்கை ஓரத்தக் கம்பி மேல வையி, அமுக்கிக்கிட்டே அடின்னு எல்லார் முன்னாடியும் பாடம் எடுக்குறான். நேத்து போன் போட்டு, சனிக்கிழமை ரெக்கார்டிங் தள்ளிப்போச்சுங்கறான். ஏன்னு கேட்டா இருமுறான். எனக்குப் பதிலா ஒருத்தனப் பிடிச்சுட்டான். அவனை இங்கயே கூட்டிட்டு வந்து, என் பேஸை வச்சே சோதிச்சுப் பாத்திருக்கான். நீ டீ போட்டுக் குடுத்திருக்க.

— டீத்தூள் தீந்து போச்சுன்னு முந்தாநாளே சொன்னேன். வாங்கிட்டு வந்தீங்களா?

— பேச்சை மாத்தாத. கோடவுன்ல என்னை எவனும் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்ல, டேய்தான். பேண்டுல அந்த நாலு பேரோட நிக்கிறப்பதான் நான் ஒரு ஆளு. அது போச்சுன்னா மூட்டை மட்டும்தான் மிச்சம். அதுக்குப் போயி நீ கதவத் திறந்து விட்டிருக்க. யாரு அவன்?

— அவன் இல்ல. நான்.

— நீ என்ன?

— நான்தான் வாசிச்சேன். நீங்க போனதும் பெட்டியத் திறப்பேன். விடியறதுக்குள்ள தொடைச்சு உள்ள வச்சுடுவேன்.

— எவனையோ காப்பாத்துறதுக்கு எப்படியெல்லாம் பொய் வருது உனக்கு. இந்தா, பேஸ். புதுப் பாட்டுல சரணத்துக்கு முன்னாடி வர்ற இடம். வாசி பாப்போம்.

— குடுங்க. தோள் வாரை மட்டும் சின்னதாக்கிக்கிறேன்.

— ம்.

— போதுமா?

— இன்னொரு தடவை. தடிச்ச கம்பியில இருந்து தாவுற இடம் மட்டும்.

— இதுவா?

— தடிச்ச கம்பி ஏன் சும்மா இருக்கு? நான் தாவுனா அது பின்னாடியே உறுமுமே.

— கை ஓரம் அது மேலயே படுத்திருக்கு பாருங்க. நான் கீழ் கம்பிக்குப் போனா அதுவும் கொஞ்சம் இழுத்துக்கிட்டே வரும். மிச்சக் கம்பிய இடது கை விரல் பாத்துக்கும். அமுக்க வேணாம், சும்மா தொட்டாப் போதும். நீங்க தாவுறப்ப கையவே தூக்கிடறீங்க.

— யாரு சொல்லிக்குடுத்தா?

— பாப்பா.

— விளையாடாத.

— நெசமாத்தான். ஒரே ரூம். ஒரு கம்பி தப்பி நீளமா அதிர்ந்தா இவ முழிச்சுக்குவா. முழிச்சா அப்புறம் தோள்ல போட்டு நடந்துக்கிட்டே இருக்கணும். உங்களை மொட்டை திட்டுறாரு, ஒரு காதுல வாங்கி விட்டுடறீங்க. இவ திட்டுனா விட முடியுமா? ஆரம்பத்துல ஸ்பாஞ்ச் வச்சேன். இப்ப அதுவும் வேண்டியதில்ல.

— எதுக்குடி இதெல்லாம்?

— தூக்கம் வரல. பெட்டி கண்ணு முன்னாடியே கிடந்துச்சு.

— மொட்டை இதைக் கேட்டானா?

— கதவத் தட்டாம வெளியவே நின்னிருக்காரு. திறந்ததும், உள்ள யாருன்னாரு.

— நான்னு நெனச்சிருப்பான்.

— முதல்ல அப்படித்தான் நெனச்சாராம். கொஞ்ச நேரம் கேட்டதும், இருக்காதுன்னு தோணிடுச்சாம்.

— திமிரு பிடிச்சவன். சரி, விடு. எந்த ஆளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ராத்திரி பூரா இந்தப் பிக்கைப் பாத்துப் பாத்து என்னென்னமோ யோசிச்சுட்டேன். உன்னைப் பத்திகூட.

— தெரியும். வந்து நின்ன நிலையிலயே தெரிஞ்சுது.

— கோவிச்சுக்காத. ரெக்கார்டிங் தள்ளிப்போனதும் நல்லதுக்குத்தான். அந்தக் கை வைக்கிற விதத்த எனக்குக் காட்டு. பத்து நாள்ல பிடிச்சுடுவேன். அப்புறம் வாயத் திறக்கட்டும் மொட்டை.

— தள்ளிப்போகல.

— என்ன?

— ரெக்கார்டிங் தள்ளிப்போகல. சனிக்கிழமை மத்தியானம்தான். உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வரல.

— பாத்தியா. அப்ப நான் சந்தேகப்பட்டது சரிதான். எவனையோ பிடிச்சுட்டான். உனக்குத் தெரியுமா யாருன்னு?

— தெரியும்.

— சொல்லு. சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். யாருன்னு மட்டும் சொல்லு.

— சனிக்கிழமை பாப்பாவ நீங்கதான் பாத்துக்கணும்.