அழுகிறவர்கள் திறக்கும் பக்கம்

ரவாங்கில் ரயில் ஏறிய அண்ணனும் தங்கையும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சுங்கை சோவில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்து தருகிறவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அழுதுகிட்டு இருக்கிறவங்க கீழ வரைக்கும் தள்ளிப் பாக்க மாட்டாங்கண்ணே," என்றாள் தங்கை, கைப்பேசியில் அவர்களுடைய வெப்சைட்டைக் காட்டி. அங்கேதான் என் காது அவர்கள் பக்கம் திரும்பியது.

"நம்ம வேன் படம் எங்க?"

"கீழ போட்டுட்டேன். மேல நம்பர் மட்டும் பெருசா இருக்கு. இறந்தவரோட ஐசி அடையாள அட்டைய எடுத்து வைங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்னு ஒரு வரி."

"வேன் புதுசு லா. ஆளுங்க பாக்க வேணாமா?"

"அந்தப் படம் திறக்கவே நேரமாவுது. அதுக்குள்ள வேற ஆளக் கூப்பிட்டுடறாங்க. இனிமே நம்மளத்தான் கூப்பிடுவாங்க, பாருங்க."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது அவள் கைப்பேசி அடித்தது.

"சொல்லுங்கம்மா. வீடு உலு யாம்லயா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா? நீங்க உக்காருங்க. நாங்க வர்றோம்."

அவள் பேசி முடித்ததும் அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "வெப்சைட்ட பாத்துட்டா கூப்பிட்டாங்க?"

"கேக்கலண்ணே. புருஷன் போயிட்டாரு அவங்களுக்கு. அத இப்பவா கேக்கிறது?"

அடுத்த ஸ்டேஷனில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.