வினிகர் பாட்டில் நகர்ந்த வெள்ளிக்கிழமை

குளிர் நூடுல்ஸில் நான் வினிகர் சேர்ப்பதில்லை, ஐயா. வயிற்றுக்கு ஆகாது. ஆனால் இந்த விஷயம் அந்த வினிகரில்தான் தொடங்கியது.

கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் மருந்துக் கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கும் சில்லறை முதலீட்டாளர்கள் முந்நூறு பேர். எங்களை எறும்புகள் என்பார்கள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற நான்தான் சங்கத் தலைவர். எங்கள் காப்புரிமையைத் திருடி இன்னொரு கம்பெனி நுரையீரல் மாத்திரை விற்கிறது என்பது வழக்கு. சமரசம் ஆனால் பங்கு விலை ஏறும், எங்களுக்கு வாழ்வு.

ஒரு வெள்ளிக்கிழமை இரு தரப்பு வக்கீல்களும் குளிர் நூடுல்ஸ் கடையில் ஒரே மேஜையில் சாப்பிடுவதைச் செயலாளர் குவாக் பார்த்துவிட்டார்.

"தலைவரே, நம்ம வக்கீல் வினிகர் பாட்டிலை அந்தாளு பக்கம் நகர்த்தி வச்சாரு. சண்டைக்காரனுக்கு எவனாச்சும் இப்படிச் செய்வானா? அடுத்த வாரம் முடிஞ்சிரும் பாருங்க."

அன்றே கூட்டம் போட்டோம். எதிரியின் மாத்திரையை நம் வீடுகளில் யாரும் வாங்கக் கூடாது; விற்பனை சரிந்தால் தானாக இறங்கி வருவார்கள். முதலில் கை உயர்த்தியவன் நான்.

என் மனைவி போக்சுன் சாப்பிட்டு வந்தது அந்த மாத்திரைதான்.

ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்று இருக்க எனக்கு வராது. அவளிடம் சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள். காலி மாத்திரைக் கூடுகள் கடையில் தனியாகக் கிடைக்கின்றன. அரிசி மாவு நிரப்பி, பழைய குப்பியில் போட்டு வைத்தேன். ஒரு வாரம்தானே.

பதினொரு வாரமானது. ஒவ்வொரு வெள்ளியும் குவாக் ஏதாவது கொண்டு வருவார்: அவர்கள் வக்கீல் சிரித்தாராம், நம் வக்கீல் புதுக் கோட்டு வாங்கினாராம்.

"என்னங்க, நாலு படி ஏற முடியல. இந்த மாத்திரை வேலை செய்யுதா?"

"செய்யும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்."

டாக்டர் அளவைக் கூட்டினார். நானும் கூட்டினேன். அவளுக்கு மூச்சு வாங்கும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

அவளுடைய துக்கச் சடங்கின் மூன்றாம் நாள், வந்தவர்களுக்கு மாட்டிறைச்சி சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது குவாக் செல்போனை நீட்டினார். சமரசம் முடிந்திருந்தது. இனி அதே மாத்திரையை எங்கள் கம்பெனியும் விற்கும். அதே மருந்து, எங்கள் டப்பா.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: சமரசத்துக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது. அவளுக்கு எப்போதுமே பொறுமை குறைவு.